பள்ளிக்கூடச் சந்தையும் ஊரார் பிள்ளையும்

பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்னும் வினா ஒரு வீட்டின் வினாவாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஜூன் திங்கள் நெருங்கும்போது தந்தை யாரிடம் கடன் கேட்கலாம் என்று எண்ணுகிறார். தாய் தன் கழுத்திலும் கையிலும் இருப்பதைக் கணக்கிடுகிறாள். உறவினரிடம் விசாரிக்கிறார்கள், நாலு பேர் நல்ல பள்ளி என்று சொன்ன இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த முடிவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏதேனும் பங்குண்டா என்று எவரும் கேட்பதில்லை. யாரேனும் கேட்டுவிட்டால், "என் பிள்ளையை நான் சேர்ப்பதில் ஊருக்கென்ன?" என்னும் விடை உடனே வருகிறது. இந்த விடை எவ்வளவு தூரம் சரியானது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இது வெறும் வீட்டு வினாவாக நின்றிருந்தால் ஆலிம்களும் பொருளியல் அறிஞர்களும் இதனைப் பற்றி ஏடு ஏடாக எழுதியிருக்கமாட்டார்கள். பள்ளிகளை அரசே நடத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயராலும் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டால் என்ன? பெற்றோர் விரும்பிய பள்ளிக்குப் பிள்ளை போகட்டும். பிள்ளை போகுமிடத்திற்கு அரசின் பணமும் போகட்டும். பள்ளிகள் தம்முள் போட்டியிடட்டும். நல்லது நிலைக்கும், கெட்டது மூடும் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தைக் கேட்டு நடந்த நாடுகளும் உள. ஆகவே கற்பனையாகப் பேசவேண்டிய தேவையின்றி, நடந்ததை வைத்தே நாம் இதனை எடைபோட முடியும்.

வாதத்தின் வலிமை

எதிர்வாதம் கூறுமுன் ஒருவரது வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டும் என்பது முனாழராவின் ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி முதலில் சந்தை வாதத்தைச் செவ்வையாகக் கூறுவோம்.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அரசு பெற்றோரிடமே பணம் வழங்கி, அவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பையும் அவர்கள்மேல் சுமத்தலாம் என்று ஆங்கில நாட்டுத் தாமஸ் பெய்ன் 1792இல் எழுதினார். பிள்ளைக்குக் கல்வி தரவேண்டும் என்று அரசு வற்புறுத்தலாம், ஏழைக்குக் கட்டணமும் கொடுக்கலாம், ஆனால் எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் வகையில் தானே பள்ளிகளை நடத்தலாகாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட தம் சுதந்திர நூலில் வாதிட்டார். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை முழுத் திட்டமாகவே வகுத்தார். கல்விக்குப் பணம் கொடுப்பது வேறு, கல்விக்கூடத்தை நடத்துவது வேறு. முன்னதை அரசு செய்யட்டும், பின்னதைப் போட்டி செய்யட்டும் என்பது அவருடைய சாரம்.

இவ்வாதத்தில் ஓர் அறச்சீற்றமும் அடங்கியிருக்கிறது என்பதை நாம் மறைக்கலாகாது. செல்வருக்கு என்றும் தெரிவுரிமை உண்டு. உள்ளூர்ப் பள்ளி பிடிக்கவில்லையெனில் வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவர். நல்ல பள்ளியுள்ள தெருவுக்குக் குடிமாறுவர். ஏழைக்கு மட்டும் ஒரே பள்ளி, அதுவும் ஆசிரியர் வந்தால்தான் பள்ளி. 2003ஆம் ஆண்டு இந்தியக் கிராமங்களில் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்த ஆய்வாளர்கள், அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அன்று பள்ளியிலேயே இல்லை என்று கண்டனர். "பொதுப்பள்ளியைக் காக்கவேண்டும், ஆகவே உன் பிள்ளை அங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு கூலித் தொழிலாளியிடம் கூறும் உரிமை, தம் பிள்ளையை வேறிடத்தில் படிக்கவைக்கும் நமக்கு உண்டா? இக்கேள்வியை எதிர்கொள்ளாமல் சந்தையைப் பழித்துப் பேசுவது நேர்மையாகாது.

நன்மை விளைந்த இடங்களும் உண்டு. கொலம்பியா நாட்டில் 1991இல் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் உயர்நிலைப் பள்ளியில் பயில உதவித்தொகை வழங்கினர். விண்ணப்பம் மிகுந்தபோது குலுக்கல் நடத்தினர். குலுக்கலில் பெயர் விழுந்த பிள்ளைகள், விழாத பிள்ளைகளைவிடக் கூடுதலாக எட்டாம் வகுப்பை முடித்தனர் என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். நம் அண்டை மாநிலமான ஆந்திரத்திலும் 2008இல் 180 கிராமங்களில் இத்தகைய குலுக்கல் ஒன்று நடத்தப்பெற்றது. நான்காண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தனியார் பள்ளிக்குச் சென்ற ஏழைப் பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேம்பட்டிருக்கவில்லை, தாழ்ந்தும் போகவில்லை. இந்தியில் மட்டும் தெளிவாக முந்தியிருந்தனர். அரசுப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளில் கற்பிக்காத அம்மொழியைத் தனியார் பள்ளிகள் கற்பித்தமையே அதற்குக் காரணம். ஆனால் தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. குறைந்த செலவில் அதே விளைவு என்று ஒருவர் மகிழலாம். கட்டணம் கட்டி நகையை அடகு வைத்த பெற்றோரோ, தாம் வாங்கியதாக நம்பிய மேன்மை எங்கே என்று கேட்கலாம். இரண்டும் அதே ஆய்விலிருந்து எழும் நியாயமான கேள்விகளே.

சிலி நாட்டில் நடந்தது

சந்தை வாதத்தை ஒரு நாடு முழுமைக்கும் நடைமுறைப்படுத்திப் பார்த்த இடம் தென் அமெரிக்காவின் சிலி. 1973இல் படைத்தலைவர் பினோஷே ஆட்சியைக் கைப்பற்றினார். ஃப்ரீட்மனின் பல்கலைக்கழகமான சிகாகோவில் பயின்று திரும்பிய பொருளியலார் அவ்வாட்சியில் செல்வாக்குப் பெற்றனர். 1980, 1981 ஆண்டுகளில் நடுவண் அரசின் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நகராட்சிப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், வருகை தரும் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி அரசு ஒரே வகைத் தொகையை வழங்கிற்று. இலாபம் கருதிப் பள்ளி நடத்துவதற்கும் தடையில்லை.

விளைவு விரைவாகவே வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய தனியார் பள்ளிகள் தோன்றின. 1981இல் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பிள்ளைகள் பொதுப்பள்ளிகளில் பயின்றனர். 2012 வாக்கில் அவ்வெண் 40க்கும் கீழே இறங்கியிருந்தது. 1988இல் நாடு முழுமைக்கும் பொதுத் தேர்வு ஒன்று ஏற்பட்டது. 1995 முதல் பள்ளிவாரியாக அதன் மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன. பெற்றோர் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவு செய்வர் என்பது நம்பிக்கை. ஒரு சந்தைக்கு வேண்டிய யாவும், அதாவது வாங்குவோர், விற்போர், பணம், விலைப்பட்டியல் போன்ற மதிப்பெண் பட்டியல் எல்லாம், அங்கே அமைந்துவிட்டன.

கல்வி உயர்ந்ததா? ஏறத்தாழ 150 நகராட்சிகளின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்த பொருளியலார் இருவர் 2006இல் தம் முடிவை வெளியிட்டனர். தனியார் பள்ளிகள் மிகுதியாகப் பெருகிய ஊர்களில் எல்லாப் பிள்ளைகளின் சராசரித் தேர்ச்சி மற்ற ஊர்களைவிட உயர்ந்துவிடவில்லை. உயர்ந்தது வேறொன்று: வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பொதுப்பள்ளியை விட்டு வெளியேறிய வேகம். தனியார் பள்ளிகள் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தன; பெற்றோரை நேர்முகம் கண்டன; 1993க்குப் பின் அரசுத் தொகையோடு பெற்றோரிடமும் கட்டணம் பெற்றன. நூறு ரூபாய் கட்டக்கூடியவர் ஒரு பள்ளியிலும், ஐம்பது ரூபாய் கட்டக்கூடியவர் வேறொரு பள்ளியிலும், ஒன்றும் கட்ட இயலாதவர் நகராட்சிப் பள்ளியிலும் என்றாற்போல் பிள்ளைகள் அரித்தெடுக்கப்பட்டனர். ஆற்றுமணலைச் சல்லடையில் இட்டு அசைத்தால் மணலின் அளவு கூடுவதில்லை; பருமணலும் நுண்மணலும் வேறு வேறு குவியலாகின்றன, அவ்வளவே.

இதனை முதலில் உரத்துச் சொன்னவர்கள் பிள்ளைகளே. 2006இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இலட்சக்கணக்கில் வகுப்பைவிட்டு வீதிக்கு வந்தனர். கறுப்பும் வெள்ளையுமாக அவர்கள் அணிந்திருந்த சீருடையைக் கண்டு அதனைப் 'பென்குவின் கிளர்ச்சி' என்று உலகம் அழைத்தது. 2011இல் கிளர்ச்சி மீண்டும் வெடித்தது. 2008இல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை வழங்கும் சட்டம் வந்தது. அதன்பின் அவர்களின் தேர்ச்சி உயர்ந்ததாகப் பிற்கால ஆய்வுகள் கூறின. 2015இல் இயற்றப்பட்ட சட்டமோ அடிப்படையையே மாற்றிற்று. அரசுப் பணம் பெறும் பள்ளி பிள்ளையைப் பொறுக்கி எடுக்கலாகாது, பெற்றோர் கட்டணம் படிப்படியாக நீங்கவேண்டும், இலாபம் எடுக்கலாகாது. பெற்றோர் தாம் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதித் தரலாம். இடம் போதாவிடில் குலுக்கல். கூர்ந்து நோக்கினால், பெற்றோரின் தெரிவுரிமையை அந்நாடு எடுத்துவிடவில்லை. பள்ளியின் தெரிவுரிமையைத்தான் எடுத்தது. தெரிவுரிமை வேறு, சந்தை வேறு என்பதை 34 ஆண்டுகள் பட்டறிந்து அந்நாடு கண்டுகொண்டது எனலாம்.

நியூசிலாந்தும் 1991இல் பள்ளிகளுக்கான வட்டார எல்லையை நீக்கி, 2000இல் அதனை மீட்டுக் கொண்டுவந்தது. இடம் நிறைந்த பள்ளியில் எந்தப் பிள்ளை நுழைவது என்பதைப் பள்ளியே முடிவு செய்ததுதான் அங்கும் எழுந்த குறை.

சரக்கும் கல்வியும்

ஏன் இவ்வாறாயிற்று? சந்தை தீயது என்பதாலா? அப்படி நாம் கூறமாட்டோம். வணிகத்தால் வளர்ந்த சமுதாயம் நம்முடையது. நேர்மையான வணிகனின் மதிப்பை நாம் நன்கறிவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கடல் கடந்து சரக்கேற்றியவர்கள் நம் மூதாதையர். சந்தையை நன்கறிந்தவர் என்பதாலேயே, எது சந்தைக்குரிய சரக்கு, எது அல்ல என்று பிரித்துக் காணும் தகுதியும் நமக்கு இருக்கவேண்டும்.

ஃபிக்ஹு நூல்களில் 'கரர்' என்று ஒரு பாடம் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்பது கூடாது என்று அங்கே ஓதுகிறோம். பொருள் என்ன, எவ்வளவு, கைக்கு வருமா என்று வாங்குபவனுக்குத் தெரியாத விற்பனையில் ஏமாற்றத்திற்கு இடமுண்டு என்பதே காரணம். பள்ளிக் கல்வியை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். துணியை விரல்களுக்கிடையே உரசிப் பார்க்கலாம்; அரிசியைக் கையில் அள்ளி நோக்கலாம். ஐந்து வயதில் சேர்க்கும் பிள்ளை என்னவாகிறது என்பது பன்னிரண்டாண்டுகள் சென்றே தெரியும். தெரிந்தபின் திருப்பித் தரவும் இயலாது. ஆகவே கண்ணில் படுவதை வைத்து விலை மதிக்கிறோம்: கழுத்துப்பட்டை, பேருந்து, வாசலில் பளபளக்கும் பெயர்ப்பலகை, ஆங்கிலத்தில் ஒப்புவிக்கும் இரண்டு பாட்டு. கண்ணில் படுவது விற்குமென்றால், கண்ணில் படுவதைத்தான் பள்ளியும் வளர்க்கும்.

கண்ணில் படாதவற்றுள் உயிரும் அடங்கும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நடந்த இடத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையாயினர். சமையற் கொட்டகையில் பற்றிய நெருப்பு வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குத் தாவிற்று. வாசல்வரை வந்து பிள்ளையை விட்டுச் செல்லும் தாய், அடுப்புக்கும் கூரைக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து பார்க்கக் கூடியவள் அல்லள். அதனை அளக்க வேண்டிய கண் பொதுவான கண். சம்பளம் கொடுத்து ஊர் அமர்த்திய கண். அந்தக் கண் மூடியிருந்தால் எத்தனை பள்ளிகள் போட்டியிட்டாலும் தாயின் தெரிவு அவளுக்குத் துணை செய்யாது.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. கடையில் வாங்குபவன்தான் பொருளைப் பொறுக்குகிறான். கத்தரிக்காய் வாங்குபவனைப் பொறுக்குவதில்லை. பள்ளியிலோ விற்பவர் வாங்குபவரைப் பொறுக்குகிறார். ஏனெனில் ஒரு பள்ளியின் தரத்தில் பெரும்பங்கு அங்கே பயிலும் பிள்ளைகளாலேயே ஆகிறது. வீட்டில் எழுத்தறிந்த பெற்றோர் உள்ள பிள்ளை பள்ளிக்குள் நுழையும்போது, கட்டணத்தோடு தன் வீட்டின் எழுத்தறிவையும் கொண்டுவருகிறது. அத்தகைய பிள்ளைகளை நூறு பேர் சேர்த்துக்கொண்டால், கற்பித்தலில் யாதொரு முயற்சியுமின்றியே பள்ளி முதலிடம் பெறும். நன்றாகக் கற்பித்துப் போட்டியில் வெல்வது கடினம். நன்றாகப் பொறுக்கி வெல்வது எளிது. எளிய வழி திறந்திருக்கக் கடினமான வழியில் எத்தனை பேர் போவர்? ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளையின் தந்தையை அழைத்து, "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் வழக்கத்தை நம் ஊர்களில் அறியாதார் யார்?

மூன்றாவது, போட்டி என்றால் தோற்பவர் இருந்தே ஆகவேண்டும். கடை நொடித்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். பள்ளி நொடித்தால்? சுவீடனில் 1992 முதல் அரசுப் பணத்தில் தனியார் பள்ளிகள், இலாப நோக்குள்ளவை உட்பட, நடக்கலாயின. 2013இல் அங்கே பெரிய பள்ளி நிறுவனமொன்று திவாலாயிற்று. ஏறத்தாழ பத்தாயிரம் மாணவர்கள் தம் பள்ளி நாளை யார் கையில் இருக்கும் என்று அறியாது தவித்தனர். பொருளியல் ஏட்டில் அது ஒரு வரி: திறமையற்ற நிறுவனம் விலகியது. அப்பிள்ளைக்கோ அது ஓர் ஆண்டு. பதினாறாவது வயது ஒருவனுக்கு ஒருமுறைதான் வருகிறது.

வெளியேறுவோரும் எஞ்சுவோரும்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், கெட்டுவரும் ஒரு நிறுவனத்தைத் திருத்த மனிதனுக்கு இரு வழிகள் உள்ளன என்றார். ஒன்று அதனைவிட்டு வெளியேறுவது; மற்றது உள்ளிருந்தே குரல் கொடுப்பது. வெளியேறும் கதவு அகலத் திறந்திருந்தால் முதலில் வெளியேறுவோர் யார்? தரத்தைப் பற்றி மிகவும் கவலைப்படுவோரே. அதாவது உள்ளிருந்தால் யார் உரத்துக் குரல் கொடுத்திருப்பார்களோ அவர்களே. இதனை விளக்கப் பொதுப்பள்ளியையே அவர் எடுத்துக்காட்டினார்.

இவ்வுண்மையை நம் தெருக்களில் வைத்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் வக்கீலின் பிள்ளையும் வண்டிக்காரரின் பிள்ளையும் ஊராட்சிப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்தனர். ஆசிரியர் வரவில்லையெனில் வக்கீல் மேலிடத்துக்கு மனு எழுதுவார். அதன் பயன் வண்டிக்காரரின் பிள்ளைக்கும் கிட்டும். வக்கீல் தம் பிள்ளையை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு மாற்றிய நாளில், அவர் எடுத்துச் சென்றது ஒரு பிள்ளையை மட்டுமன்று. ஒரு மனுவையும் எடுத்துச் சென்றார். அடுத்து ஆசிரியரின் பிள்ளை போயிற்று. கடைக்காரரின் பிள்ளை போயிற்று. கூரை ஒழுகினால் கேட்க ஆளில்லை. கூரை ஒழுகுவதைக் காட்டி இன்னும் பத்துப் பேர் போயினர். இதில் எவரையும் குற்றவாளி என்று சொல்லமுடியாது. ஒவ்வொருவரும் தம் அளவில் நியாயமானதையே செய்தனர். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பள்ளியை மூடினர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்நோய்க்கு ஒரு மருந்தாக, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாறு பணித்தது. கட்டணத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்றது. கூலிக்காரரின் பிள்ளை மதிலைத் தாண்டி உள்ளே நுழைய இது ஒரு வாயில் என்பதில் ஐயமில்லை. எனினும் குலுக்கலில் பெயர் விழாத பிள்ளைக்கு அச்சட்டப்பிரிவு என்ன சொல்கிறது? அப்பிள்ளை எஞ்சிய பள்ளியில்தான் இருக்கிறது. எஞ்சிய பள்ளியைச் செம்மை செய்யாமல் வாயிலை மட்டும் அகலப்படுத்துவது, சுவர் இடிந்த வீட்டுக்குக் கதவு போடுவதைப் போன்றது.

முன்னோர் கண்ட வழி

கல்விக்குக் கூலி என்னும் வழக்கு நம் அறிஞர்களுக்குப் புதியதன்று. குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்குக் கூலி வாங்கலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் முன்னோர் கொண்ட முடிவு. பைத்துல் மாலிலிருந்து ஆசிரியர்களுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோய், கூலியில்லையெனில் கற்பிப்போரே இல்லாது போவர் என்னும் நிலை வந்தபோது, பின்வந்தோர் அதனை அனுமதித்தனர். ஷாஃபிஈ, மாலிக்கீ மத்ஹபுகளில் முன்பே அனுமதி இருந்தது. ஆகவே கட்டணம் வாங்கும் பள்ளியெல்லாம் பாவம் செய்கிறது என்று நாம் கூறமுடியாது. ஆசிரியர் உண்ண வேண்டும். கட்டடம் நிற்க வேண்டும்.

ஆனால் அனுமதித்த அதே அறிஞர்கள் ஓர் எல்லையையும் வகுத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கைரவான் நகரத்து இப்னு ஸஹ்னூன் (ரஹ்), ஆசிரியர்களின் ஒழுக்கம் பற்றி எழுதிய நூலில், செல்வர் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் ஒன்றாக நடத்துவதை ஆசிரியரின் கடமையாக வலியுறுத்தினார். கூலி கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையின் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை 1012இல் மறைந்த அதே ஊர் அல்காபிஸீ (ரஹ்) எடுத்து ஆராய்ந்தார். பைத்துல் மாலையும் சமுதாயத்தையும் அவர் சுட்டினார். கூலி வாங்கலாமா என்பதோடு அவர்களின் கேள்வி முடிந்துவிடவில்லை. கூலி தர இயலாத பிள்ளை என்னாகும் என்பதும் அவர்களுக்குக் கேள்வியாயிற்று. இன்றைய பள்ளிச் சந்தை முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். தந்தையை இழந்த அச்சிறுவரின் தாயாரிடம் ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருளில்லை. ஆசிரியர் எழுந்து செல்லும் நேரங்களில் மற்றச் சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியையே கூலியாக அவர் ஏற்றுக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அந்த ஆசிரியரின் பெயரை நம்மில் யார் அறிவோம்? கட்டணம் கட்டிய மற்றப் பிள்ளைகளின் பெயரையும் அறியோம். கட்ட இயலாத பிள்ளையை வாசலில் நிறுத்தியிருந்தால் உலகம் எதனை இழந்திருக்கும் என்பதை மட்டும் அறிவோம்.

வக்ஃபு என்னும் ஏற்பாட்டின் நுட்பமும் இங்கே எண்ணத்தக்கது. வக்ஃபாக்கிய சொத்து விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுக்குப் போகாது. சந்தையில் ஈட்டிய செல்வத்தைச் சந்தைக்கு வெளியே நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸா அவ்வாறுதான் நடந்தது. நம் நாட்டில் 1919இல் வாணியம்பாடியிலும், 1951இல் திருச்சியிலும், 1955இல் அதிராம்பட்டினத்திலும் கல்லூரிகளை நிறுவியோர் பெரும்பாலும் வணிகர்களே. தோலிலும் துணியிலும் காசுக்குக் காசு கணக்குப் பார்த்தவர்கள், கல்வியில் மட்டும் அந்தக் கணக்கை ஓரமாக வைத்தார்கள். அவர்களுக்குச் சந்தையைத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது.

தந்தையின் கடமை

இனி முதல் வினாவுக்கு வருவோம். என் பிள்ளையை நான் சேர்ப்பதில் ஊருக்கென்ன?

தன் பிள்ளைக்கு நல்ல கல்வி தேடுவது தந்தையின் கடமை. அதில் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஊரின் பள்ளி திருந்தும்வரை பிள்ளையை அங்கே பலியாக நிறுத்து என்று நாம் கூறமாட்டோம். ஆனால் கடமைகள் இரு வகை என்பதை நாம் ஓதியிருக்கிறோம். ஒவ்வொருவர்மீதும் தனித்தனியே உள்ளது ஃபர்ளு ஐன். சமுதாயத்தின்மீது கூட்டாக உள்ளது ஃபர்ளு கிஃபாயா. பின்னதைச் சிலர் நிறைவேற்றினால் எல்லார் பொறுப்பும் நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் எல்லாரும் குற்றவாளிகள். ஊரில் ஒரு பிள்ளையும் கல்வியின்றி விடப்படாதிருப்பது இவ்வகைக் கடமை. முதற்கடமையை நிறைவேற்றிவிட்டு இரண்டாவதிலிருந்தும் விடுதலை பெற்றுவிட்டதாக எண்ணுவதுதான் நாம் செய்யும் தவறு. பள்ளிச் சந்தை நமக்குள் வளர்ப்பதும் அந்த எண்ணத்தையே. கட்டணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, நம் பங்கு தீர்ந்தது என்று நினைக்கிறோம்.

வெளியேறியவரும் குரல் கொடுக்கலாம். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருக்கிறது. அக்குழுவில் பெரும்பாலும் அமர்ந்திருப்பது அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வர இயலாத தாய்மார்கள். அவர்களுக்கு மனு எழுதித் தரவும், கணக்கைப் படித்துச் சொல்லவும், அலுவலகத்துக்கு உடன் செல்லவும் ஆள் வேண்டும். தம் பிள்ளை வேறு பள்ளியில் பயில்கிறது என்பதற்காக ஒரு பட்டதாரி இதனைச் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சிறுபான்மையினரின் பள்ளிகளை 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டும் என்று அதே மன்றத்தின் இரு நீதிபதிகள் 2025இல் கருதினர். முடிவு எதுவாயினும் ஆகுக. அரசமைப்பு நமக்குத் தந்த அந்தச் சலுகை, நம் மொழியையும் பண்பையும் காத்துக்கொள்வதற்கு; நம் ஏழைகளை வாசலில் நிறுத்துவதற்கன்று. நூற்றுக்கு 25 என்று சட்டம் நம்மை வற்புறுத்தவில்லையெனில், நாமாக எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று நம் பள்ளி நிருவாகிகள் ஆண்டுதோறும் ஜமாஅத்துக்குக் கணக்குச் சொல்லட்டும். கட்டணம் வாங்கலாம், கட்ட இயலாத பிள்ளையைப் பிற பிள்ளைகள் அறியாவண்ணம் ஏற்கவேண்டும். நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து வாங்கிய தேர்ச்சி விழுக்காட்டைச் சுவரொட்டியில் அச்சிடுவதைவிட, தத்தித் தத்திப் படித்த பிள்ளையொன்றை எழுதப் படிக்கச் செய்ததைப் பெருமையாகக் கொள்ளவேண்டும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் தாய்மார்கள் கூறுவர். இரக்கத்தைத் தூண்டச் சொல்லும் மொழி என்றே இதனை நினைத்துவந்தோம். பள்ளியைப் பொறுத்தவரை இது கண்கூடான உண்மை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையே நம் பிள்ளையின் பள்ளியில் பாதி. நாளை நம் பிள்ளை கடையில் அமர்த்தும் பணியாளும், நோயுற்றால் ஊசி போடும் செவிலியும், வாக்குச் சாவடியில் உடன் நிற்கும் குடிமகனும் இன்று அந்த ஒழுகும் கூரையின்கீழ் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. நம் பிள்ளையை நாம் எத்தனை நல்ல பள்ளியில் சேர்த்தாலும், அப்பிள்ளைகளோடுதான் அது வாழ்ந்தாக வேண்டும்.

ஆகவே, ஜூன் திங்களில் பள்ளி தேடிப் புறப்படும் பெற்றோர், "எது நல்ல பள்ளி?" என்று கேட்கட்டும். அத்துடன், "நாம் விட்டுவரும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?" என்றும் கேட்கட்டும். முதற்கேள்விக்கு விடை தேட எத்தனை நாள் அலைகிறோமோ, அதில் ஒரு நாளையேனும் இரண்டாவதற்குத் தருவோமாக.